‘பி’ என்றால் நிறுத்து

ஆனந்த்ராஜ் வேலை பார்ப்பது திண்டுக்கல் ரவுண்டு ரோட்டில் உள்ள ஒரு டைல்ஸ் கடையில். குடோன் பொறுப்பு அவருடையது. ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். லோடு இறக்கும் ஆட்களைக்கூட "அப்பு" என்றுதான் கூப்பிடுவார். முதலாளிக்கு அவர் ஒரு நல்ல வேலைக்காரர், அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கருணை மாதா கோயிலுக்குள் நுழையும்போது அவர் வேறு ஆள். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பங்கு மக்கள் எல்லோருக்கும் அவர் "மாஸ்டர்".

அந்தப் பட்டம் அவர் கேட்டு வாங்கியதல்ல. முன்பு பாடகர் குழுவை நடத்தியவர் மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். மிச்சமிருந்தவர்களில் காது நன்றாக உள்ளவர் ஆனந்த்ராஜ். எந்தப் பாட்டையும் இரண்டு முறை கேட்டால் போதும், மேல் குரல், கீழ்க் குரல், நடுவில் ஓடும் குரல் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பாடிக் காட்டிவிடுவார். முதலில் கேசட்டில் கேட்டும், பிறகு செல்போனில் கேட்டும் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தார். குழு நன்றாகவே பாடியது.

பிறகு அந்தத் தாள்கள் வந்தன. புதிதாக வந்த பங்குத்தந்தை பெங்களூரில் படித்தவர். இசைக் குறிகளோடு அச்சான பாடல்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து கோடுகள், கோடுகளின் மேலே வாலும் தலையுமாகப் புள்ளிகள், நடுநடுவே ஆங்கில எழுத்துகள். "மாஸ்டருக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார் ஃபாதர். அதில் ஒரு குறிகூட ஆனந்த்ராஜுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் அதே பாட்டைச் செல்போனில் தேடிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். பயிற்சியின்போது தாளைக் கையில் பிடித்திருந்தார்.

ஒரு நாள் குழுவில் பாடும் செபஸ்தி கேட்டார். "மாஸ்டர், வரிக்கு அடியில ‘பி’ன்னு ஒரு எழுத்து சாஞ்சு கெடக்கே, அது என்னா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் செபஸ்தி அன்று மாலையே அதை மறந்திருப்பார். ஆனால் அத்தனை முகங்களும் ஆனந்த்ராஜையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அதுவா? டிவி ரிமோட்டுல ‘பாஸ்’னு ஒரு பட்டன் இருக்குல்ல, அதுதான். அந்த இடத்துல செத்த நேரம் நிறுத்தணும்."

வாயிலிருந்து அது வந்த வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்று சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. ‘எஃப்’ என்றால் ஃபாஸ்ட், வேகமாகப் பாட வேண்டும். ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் விரிந்த கோடு என்றால் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். கண் மாதிரி ஒரு புருவமும் புள்ளியும் இருந்தால் மாஸ்டரைப் பார்க்க வேண்டும். கோட்டின் ஓரத்தில் இரண்டு புள்ளி இருந்தால்? "அது ஜெராக்ஸ் மிஷின் அழுக்கு" என்றார்.

யாரும் சந்தேகப்படவில்லை. பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டில் ஒரு வரிக்குக் கீழே இரண்டு ‘பி’ இருந்தது. இரண்டு பங்கு நிறுத்தம் என்று முடிவு செய்து, அந்த இடத்தில் குழு அப்படியே மூச்சடக்கி நின்று, பிறகு முழுக் குரலில் எடுத்தது. அந்த அமைதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஃபாதரே வந்து கையைக் குலுக்கினார்.

இந்தக் குழுவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்து சேர்ந்தவள் நாகஜோதி. பழனிக்கு அந்தப் பக்கம் கீரனூர்க்காரி, விவசாயக் குடும்பம். ஏசி ரிப்பேர் பார்க்கும் ஜெரால்டை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு, ஞானஸ்நானம் வாங்கித் திண்டுக்கல்லுக்கு வந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் வெகுகாலம் அவளுடைய அப்பா அவளோடு பேசவில்லை. வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதான் பேச்சு வார்த்தை திரும்பியது. கோயிலில் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகியது. பாட்டு மட்டும் முதல் நாளிலிருந்தே அவளுக்கு வந்தது. ஆல்ட்டோ என்று சொல்லும் கீழ்ப் பெண்குரல் வரிசையில், ஆனந்த்ராஜின் மனைவி ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம்.

மற்றவர்கள் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நாகஜோதி விடவில்லை. பயிற்சி முடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "மாஸ்டர், இது என்னங்க? இந்த வால் எதுக்குங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஆனந்த்ராஜும் சொல்வார். சொல்லும்போது ஒரு உறுத்தல் இருக்கும். அவள் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டி வாங்கிக்கொள்வதைப் பார்த்தால் அந்த உறுத்தல் போய்விடும். தான் நிஜமாகவே எதையோ கற்றுக்கொடுப்பதாக அவருக்குத் தோன்றும்.

போன கார்த்திகையில் ஐந்து பங்குகளின் பாடகர் குழுக்களையும் சேர்த்து ஒரு கிறிஸ்துமஸ் பாடல் மாலை நடத்துவது என்று முடிவானது. எல்லோரையும் சேர்த்து நடத்த பிரிட்டோ என்ற இசை ஆசிரியர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அதட்டாமல் பேசுகிறவர். ஒரு ஞாயிறு மதியம் பள்ளிக்கூட ஹாலில் முதல் கூட்டுப் பயிற்சி. எல்லோருக்கும் தாள் கொடுத்துவிட்டு, "யாருக்கு எவ்வளவு தெரியும்னு தெரிஞ்சா எனக்கு வசதி. முதல் வரிக்குக் கீழ இருக்கிற இந்த எழுத்து எதுக்குன்னு யாராவது சொல்லுங்க" என்றார்.

ஆனந்த்ராஜ் கீழ்க்குரல் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"பாஸுங்க சார். அந்த எடத்துல நிறுத்தோணுமுங்க" என்றாள் நாகஜோதி.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிரிட்டோ சிரிக்கவில்லை. "அப்படியா? பக்கத்துல ‘எஃப்’ இருக்கே?"

"ஃபாஸ்டுங்க. வேகமா பாடோணும்."

இப்போது சிரிப்பு கூடியது. அவள் ஏதோ குறைவாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள் போல. "விரிஞ்சு போற கோடு வந்தா வாயைத் தொறக்கோணுங்க. புள்ளி ரெண்டும் மிஷின் அழுக்குங்க" என்று அவளாகவே சேர்த்துச் சொன்னாள். ஹால் முழுக்கச் சிரித்தது. வேறு பங்கிலிருந்து வந்த ஒரு அம்மாள், "புதுசா ஞானஸ்நானம் வாங்குன புள்ளையாம். பாவம், அதுக்கு என்னா தெரியும்?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

பிரிட்டோ கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். "இதெல்லாம் யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

நாகஜோதி திரும்பி ஆனந்த்ராஜைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர் எழுந்து விளக்கிச் சொல்வார், தவறு எங்கே என்று தெரிந்துவிடும் என்று நம்பிப் பார்த்தாள். ஆனந்த்ராஜ் குனிந்துகொண்டார். கையிலிருந்த தாளில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்தார். எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் தாளை மறுபக்கம் புரட்டினார்.

"யாரும் சொல்லலீங்க சார். நானா அப்படி நெனச்சுக்கிட்டனுங்க" என்றாள் நாகஜோதி. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பிரிட்டோ எதுவும் நடக்காத மாதிரி விளக்க ஆரம்பித்தார். ‘பி’ என்றால் சன்னமான குரலில் பாடுவது, ‘எஃப்’ என்றால் உரத்துப் பாடுவது, விரியும் கோடு என்றால் குரலைப் படிப்படியாகப் பெருக்குவது, ஓரத்து இரண்டு புள்ளி என்றால் அந்தப் பகுதியைத் திரும்பப் பாடுவது. கருணை மாதா குழுவிலிருந்து வந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. அவர்களுக்குத் தெரியும், அந்த விளக்கமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா சேலைகூட மாற்றவில்லை. "அந்தப் புள்ள உங்களக் காப்பாத்துச்சு. நீங்க வாயே தொறக்கல."

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல ஜெசி."

"நாந்தான் சொன்னேன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்?"

அடுத்த பயிற்சிக்கு நாகஜோதி வரவில்லை. குழந்தைக்குச் சளி என்று ஜெரால்டு சொன்னான். அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

ஆனந்த்ராஜ் மதியச் சாப்பாட்டு நேரத்தில், குடோனில் டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, செல்போனில் இசைக் குறிகளைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க வெட்கம்தான் கூடியது. வீடியோவில் பேசியவர் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொண்டிருந்தார். பெரிய வெள்ளிக்கிழமையின் அந்த இரண்டு ‘பி’ மிக மிகச் சன்னமாகப் பாட வேண்டிய இடம் என்று தெரிந்தபோது டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். நிறுத்தவே கூடாத இடத்தில் நிறுத்தி, அடங்கிப் பாட வேண்டியதை முழங்கியிருக்கிறார்கள். அதற்காக அவர் பாராட்டும் வாங்கியிருக்கிறார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் பிரிட்டோவின் வீட்டுக்கே போனார். அங்கேயும் உண்மையைச் சொல்ல வரவில்லை. "ரொம்ப நாள் விட்டுப்போச்சு சார், செத்த ஞாபகப்படுத்திக்கலாம்னு வந்தேன்" என்றார். பிரிட்டோ மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கீபோர்டு முன் உட்கார வைத்தார்.

"‘பி’ன்னா?"

"மெதுவா பாடணும்."

"பாடுங்க பாப்போம்."

ஆனந்த்ராஜ் பாடினார். குரல் குறையவில்லை, வேகம் குறைந்தது.

"இங்கதான் நம்ம தமிழ் காலை வாரும்," என்றார் பிரிட்டோ. "மெதுவா நடன்னாலும் மெதுவாதான், மெதுவா பேசுன்னாலும் மெதுவாதான். இது ரெண்டாவது மெதுவா. வேகத்தைத் தொடாதீங்க, சத்தத்தை மட்டும் குறைங்க." பிறகு தாளில் ஒரு கோட்டின் அடியில் தொங்கும் சிறு கட்டையைக் காட்டினார். "நிறுத்தம்னா இதுதான் நிறுத்தம். ஓய்வுக் குறி. இது எவ்வளவு நேரம்னு கை தட்டி எண்ணணும்."

இருவரும் கை தட்டி எண்ணினார்கள். ஓய்வு வரும் இடத்தில் ஆனந்த்ராஜின் கை தானாகத் தட்டிவிட்டது. மறுபடி செய்தார். மறுபடியும் தட்டியது.

கிளம்பும்போது பிரிட்டோ கேட்டார். "அன்னைக்குப் பதில் சொன்ன பொண்ணு உங்க குழுதானே? வரவே காணோமே. யாரோ தப்பா சொல்லிக் கொடுத்திருக்காங்க, பாவம்."

"ஆமா... எங்கயாவது கேட்டிருக்கும்," என்றார் ஆனந்த்ராஜ். பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டுத் தெருமுனை வரை போனவருக்கு அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு நின்றார். முதல் தடவை பயத்தில் வாய் அடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது?

ஜெரால்டிடம் விசாரித்தார். நாகஜோதி குழந்தையோடு அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆனந்த்ராஜ் கடையில் லீவு சொல்லிவிட்டு, பழனிக்குப் போய், அங்கிருந்து தாராபுரம் பஸ் ஏறிக் கீரனூரில் இறங்கினார். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. நாகஜோதியின் அப்பா நாச்சிமுத்து அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் யார் என்று தெரிந்ததும் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வாங்க, வாங்க வாத்தியாரே! ஏனுங்க, பஸ்ஸுல கூட்டமுங்களா? உள்ள வாங்க. கண்ணு, யாரு வந்திருக்காங்க பாரு!"

உள்ளேயிருந்து வந்த நாகஜோதி கதவருகே நின்றாள். "வாங்க மாஸ்டர்" என்றாள். சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து விடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். "புள்ள போனைப் போட்டா உங்க பேச்சுத்தானுங்க. பாட்டைக் கோட்டுல புள்ளி வெச்சு எழுதியிருப்பாங்களாமா, ஒவ்வொண்ணுக்கும் நீங்க அர்த்தம் சொல்லுவீங்களாமா. பத்தாவதோட இவ படிப்ப நிறுத்திப்போட்டேனுங்க நானு. அந்தக் கொற எனக்கு இருந்துச்சு. நீங்க அதத் தீத்துப்போட்டீங்க."

ஆனந்த்ராஜின் முன்னால் இலை போடப்பட்டது. அவர் சாப்பிட்டார். அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தார். "ஐயா..." என்று ஒரு தடவை ஆரம்பிக்கவும் செய்தார். "வெக்கப்படாமச் சாப்புடுங்க" என்று சொல்லி நாச்சிமுத்து இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். அதோடு அது போயிற்று.

பஸ் ஸ்டாப் வரை நாகஜோதி கூட வந்தாள். குழந்தை தோளில் தூங்கியது.

"அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும்மா" என்றார் ஆனந்த்ராஜ்.

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சிரிச்சாங்க பாருங்க, அது எனக்குப் பெருசில்லீங்க. கோயிலுக்கு வந்த புதுசுலயும் சிரிச்சிருக்காங்க. நான் உங்களத்தான பாத்தேன்? நீங்க குனிஞ்சுக்கிட்டீங்க. அதுதானுங்க."

"எனக்கு அந்தக் குறி எதுவுமே தெரியாதும்மா. எப்பவுமே தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா நானும் தெரியாதுன்னு சும்மா இருந்திருப்பனுங்க. அன்னைக்குக் கை தூக்கியிருக்க மாட்டேன்."

"அடுத்த பயிற்சியில எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன். நீ வரணும்."

"நான் வரலீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்ததும் குழந்தையின் முகத்தில் தூசி படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அடுத்த ஞாயிறு, பிரிட்டோ தொடங்குவதற்கு முன்பே ஆனந்த்ராஜ் எழுந்தார். அப்படி எழுந்தால் போதும், மற்றது தானாக வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. தொண்டையைச் செருமினார். ஐந்து பங்கு ஆட்களும் அவரைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு எங்க குழுப் பொண்ணு சொன்னதெல்லாம்... அது தானா நெனச்சது இல்ல. நான் சொல்லிக் கொடுத்தது. எனக்கு இந்தக் குறி எதுவும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு என்னைக் காட்டிக் கொடுக்கல. நான்தான் பேசாம உக்காந்திருந்தேன்."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றது ஒரு குரல். செபஸ்தி எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"அப்ப பெரிய வெள்ளிக்கிழமை நாம நிறுத்தி நிறுத்திப் பாடுனதும் நீங்களா இட்டுக்கட்டுனதா?"

"ஆமா செபஸ்தி."

"இத்தனை வருசமா எங்கள வேஷம் கட்ட விட்டிருக்க! சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டியாந்து கேக்க வச்சேன் நான்."

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று ஆனந்த்ராஜ் கேள்விப்பட்டிருந்தார். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. அதுவரை தனியாகச் சுமந்த வெட்கத்தில் இப்போது தன் குழுவுக்கும் பங்கு கொடுத்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. புதிதாக ஞானஸ்நானம் வாங்கியவள் என்று பேசிய அந்த அம்மாள் மட்டும் தாளால் முகத்தை விசிறிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிட்டோ, "உக்காருங்க சார்" என்றார். பிறகு முதல் பாட்டை எடுத்தார்.

பாடல் மாலை நன்றாக நடந்தது. நாகஜோதி வரவில்லை. ஜெசிந்தாவின் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆனந்த்ராஜ் ஃபாதரிடம் போய்க் குழுப் பொறுப்பை விட்டுவிடுவதாகச் சொன்னார். ஃபாதர் மறுக்கவில்லை, அதுவும் அவருக்கு வலித்தது. பிரிட்டோ சனிக்கிழமைதோறும் கோயில் அறையில் வந்து பாடகர்களுக்கு அடிப்படைப் பாடம் நடத்த ஒப்புக்கொண்டார். ஆறேழு பேர் சேர்ந்தார்கள். ஆனந்த்ராஜும் சேர்ந்தார். முதல் இரண்டு வாரம் செபஸ்தி அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாவது வாரம் இடமில்லாமல் உட்கார்ந்தார்.

நாகஜோதியை அந்த வகுப்புக்கு அழைத்து வந்தது ஜெசிந்தா. ஹாலில் நடந்ததைப் போனில் சொன்னது மட்டுமல்ல, நாகஜோதி கீரனூரிலிருந்து திரும்பியதும் அவள் வீட்டுக்கே போய்ப் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். நாகஜோதி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சீக்கிரமே எல்லோரையும் முந்திக்கொண்டு போனாள். புதுத் தாளைக் கொடுத்தால், கேட்காத பாட்டைக்கூட விரலால் தட்டித் தட்டி மெல்ல முனகிவிடுவாள். ஆனந்த்ராஜுக்குக் காதுதான் முதலில் ஓடியது. கண் பின்னாலேயே நின்றது. பல தடவை அவருடைய தவறைப் பிரிட்டோ திருத்தும்போது, பின்பெஞ்சு அமைதியாக இருப்பதை அவர் கவனித்தார். அவள் சிரித்ததில்லை. மாஸ்டர் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். "அண்ணா" என்றாள், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

ஈஸ்டர் கழிந்து அவளுடைய குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். நாச்சிமுத்து முதல் தடவையாகக் கோயிலுக்கு வந்தார், வேட்டி சட்டையோடு, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது கூட்டத்தில் ஆனந்த்ராஜைக் கண்டு நேராக வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாருங்களே! எம்புள்ள என்னமாப் பாடுறா! எல்லாம் உங்க புண்ணியமுங்க."

"நான் வாத்தியார் இல்லீங்க" என்றார் ஆனந்த்ராஜ். இந்தத் தடவை நிறுத்தக்கூடாது என்று வேகமாகச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தப்பு. உங்க பொண்ணு கத்துக்கிட்டது அங்க நிக்கிறாரு பாருங்க, அவருகிட்ட. நானும் உங்க பொண்ணோட சேர்ந்து படிக்கிறவன்தான். அதுக்குப் புரிஞ்ச அப்புறம்தான் எனக்குப் புரியுது."

நாச்சிமுத்து மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா கண்ணு? பெரியவங்க இப்படித்தான் சொல்லுவாங்க. நெறஞ்ச கொடம்" என்றார். கையை விடவில்லை.

ஆனந்த்ராஜ் நாகஜோதியைப் பார்த்தார். குழந்தையின் தலையில் ஈரம் இருந்தது. அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "அப்பா, சாப்பாடு ஆறிப்போயிருமுங்க, வாங்க" என்றாள். பிறகு ஆனந்த்ராஜிடம், "நீங்களும் வாங்கண்ணா" என்றாள்.

அவர் போனார். பந்தியில் நாச்சிமுத்து அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். கேட்டவர்களிடமெல்லாம் இவர்தான் எங்க வாத்தியார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.